அவர் விற்காத ஜாடி

மெல்பர்னில் காபிக் கடையில் உட்கார்ந்தால், கோப்பை வந்ததும் என் விரல் சும்மா இருக்காது. நகத்தால் ஒரு தட்டு. சத்தம் கேட்டுப் பரிமாறும் பெண் ஓடிவந்து, காக்க வைத்துவிட்டேனா என்று மன்னிப்புக் கேட்பாள். கூப்பிடவில்லையம்மா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றால் இன்னும் பயந்துபோய் வேறு கோப்பை கொண்டுவருவாள். அதையும் தட்டுவேன். பீங்கான் சூளைகள் நிறைந்த எங்கள் ஊர் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல பீங்கான் கணீரென்னும், விரிசல் விட்டது தொப்பென்னும்.

இந்தப் பழக்கம் என் கணவர் குமாரவேலிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் செராமிக் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பதுதான் அவர் வேலை. அதே கையோடு இங்கே வந்து பீங்கான் கடை வைத்தார். தட்டாமல் ஒரு கோப்பையும் விற்க மாட்டார். தொப்பென்றதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கடைக்காரர் வீட்டில் ஒழுகாத டம்ளர் ஒன்றுகூட இல்லை என்று நான் கத்துவேன். அவர் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் பெரிது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லியும் அன்று கடை திறக்க மாட்டார். எனக்கும் மகள் யாழினிக்கும் அவரே சமைப்பார். ஒரே ஒரு ஊறுகாய் ஜாடியை மட்டும், "இது விக்கறதுக்கு இல்ல, பாப்பாவுக்கு" என்று எடுத்து வைத்திருந்தார். தட்டினால் கோயில் மணிதான்.

போன வருஷம் கடையில் பெட்டி பிரிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முன்பே வலி இருந்திருக்கிறது. சொன்னால் நான் கடைக்கு விடமாட்டேன் என்று என்னிடம் மறைத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாம்பலை அந்த ஜாடியில்தான் வாங்கினோம். யாழினி தட்டிப் பார்த்துவிட்டு அழுதாள். "கிராக் ஆயிடுச்சாம்மா?"

"இல்லடி. உள்ள அப்பா இருக்காரு. நெறஞ்ச ஜாடி சத்தம் போடாது."

எங்கள் ஊர்க்காரர்கள் காசிக்கு அலைவதில்லை. பழமலைநாதர் கோயிலை ஒட்டிய மணிமுத்தாற்றில் கரைத்தால் போதும். கொண்டுபோனோம். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. என் கொழுந்தன் கதிர் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார். கலங்கலாகக் கொஞ்சம் சுரந்தது.

"ஊத்துங்க அண்ணி."

யாழினி ஜாடியை விடவில்லை. "எல்லாத்தையும் இங்க கொட்டிட்டா, அப்பாவ நான் எங்க போயி பாப்பேன் சித்தப்பா?"

"பாதி இங்க, பாதி அங்கன்னு வெச்சா அண்ணன் எங்கதான் போவாரு பாப்பா? மொத்தமா வூடு வந்து சேரட்டும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் மாமனார், மாமியார் கரைந்த ஆறு அது. ஆனால் நாங்கள் இரண்டு பேர்தானே என் கணவருக்கு வீடு? உயிரோடு இருந்தபோதே பாதி மனுஷனை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்தான் அவர். "பாதி போதும் தம்பி" என்றேன். கதிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதியைச் சரித்ததும் ஜாடியை மூடினேன். எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஜாடி எங்கள் மெல்பர்ன் சமையலறை அலமாரியில் இருக்கிறது. நேற்று ஸ்கூலுக்குக் கிளம்பும்போது யாழினி அதன் அடிப்பக்கம் தட்டினாள். சத்தமில்லை. கழுத்துப் பக்கம் தட்டினாள். மெல்லிசாகக் கணீரென்றது.

"கீழ அப்பா இருக்காரும்மா."

"மேல?"

"மேல இருந்தவரு ஊர்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.