உப்புத் தூவிய ஐஸ்

மீனுக்கு ஐஸ் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. சுனாமி அலை வந்து போன பிறகு இரண்டு வருஷம் போர்ட் பிளேரில் அந்த வேலைதான் பார்த்தேன். மெயின்லேண்டுக்குப் போகிற சூரையும் கொடுவாவும் என் கை பட்டுத்தான் பெட்டிக்குள் போகும். அடியில் ஐஸ், அதன் மேல் மீன், இடுக்கெல்லாம் நொறுக்கிய ஐஸ், கடைசியில் இரண்டு கை கல்லுப்பு. உப்பு பட்டால் ஐஸுக்குப் பல் முளைத்துவிடும். கையை வைத்தால் கடிக்கும்.

அதற்கு முன்னால் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினேன். அதற்கும் முன்னால், சின்னப் பையனாக இருந்தபோது, இலங்கை மலையில் தேயிலை. லயம் என்கிற தோட்டக்கூலி வரிசை வீட்டில் பிறந்து, கப்பலேறி வந்து, மறுபடியும் லயத்திலேயே குடியேறியவன் நான். கச்சாலில் எங்கள் லயம் மூன்று வரிசை. கீழ் வரிசையை அலை கொண்டுபோனது. என் மனைவி அன்றைக்குக் கீழ் வரிசைக்குத்தான் போயிருந்தாள். அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

மகள் மிஞ்சினாள். முகாமில் கொஞ்ச நாள் இருந்தோம். பிறகு அவள் ரப்பர் வெட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு கச்சாலுக்கே திரும்பிப் போனாள். அங்கே சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நான் போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் ஒரு அறை பிடித்துத் தங்கினேன். முழங்கால் மீன் வேலைக்கு ஒத்துவராமல் போனபோது, சுகாதார ஆபீஸில் மருந்துப் பெட்டி தூக்குகிற தினக்கூலி வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறுவேன், யாராவது ஒரு சிஸ்டர் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவ்வளவுதான் வேலை.

பன்றிக் காய்ச்சல் என்று ரேடியோவில் சொல்லத் தொடங்கியது அந்த நாட்களில்தான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் இறங்குகிறவர்களை நிறுத்தி, காய்ச்சலா, இருமலா என்று கேட்டார்கள். எனக்கு மண்டபம் முகாம் ஞாபகம் வந்தது. இலங்கையிலிருந்து வந்து இறங்கியதும் அங்கேயும் இப்படித்தான் வரிசையில் நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொன்னார்கள். என் அம்மா கடைசிவரை அதற்குக் கோபப்பட்டாள்.

ஜெட்டியில் ஒரு நிக்கோபாரி கேப்டனையும் நிறுத்தினார்கள். அவர்கள் ஊர்த் தலைவரைக் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஹமாரா சுவர் கோ புகார் நஹீ, ஆத்மி கோ ஹை" என்றார். எங்கள் பன்றிக்குக் காய்ச்சல் இல்லை, மனுஷனுக்குத்தான் என்கிறார். அவர்கள் பன்றியைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

வெகு நாள் கழித்துத் தடுப்பூசி வந்தது. கொஞ்சம்தான் வந்தது. நோயாளி பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு முதலில் என்றார்கள். கச்சால் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு பெட்டி போகவேண்டும். எனக்கு அந்தச் சேதி தேன் மாதிரி இருந்தது. மகள் அப்போது அஞ்சு மாசம். வார்டில் காய்ச்சல்காரர்களைத் துடைத்துவிட்டு, வாளி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் ஆகாது என்று ஆபீஸில் பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன்.

பெட்டியோடு வந்த சிஸ்டர் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டைப் பெண். போர்ட் பிளேரில் துணிக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். என்னைச் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்பாள். கப்பல் நாளன்று அவளுக்கு டிக்கெட்டில் ஏதோ குழப்பம்.

"சாச்சா, ஐஸ் கட்டிய ஃப்ரீஸர்லேந்து எடுத்து மேசையில பரப்பி வைங்க. நல்லா வேர்க்கட்டும். ஆட்டிப் பாத்தா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். அப்புறம்தான் பெட்டில அடுக்கணும். நான் ஓடிப்போய் வந்துர்றேன்."

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.

மேசையில் பரப்பினேன். பிளாஸ்டிக்கில் அடைத்த தட்டையான ஐஸ் கட்டிகள். அவை வேர்க்க ஆரம்பித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ராத்திரி, ஒரு பகல் கப்பல். அருமையான ஐஸை இப்படியா உருகவிடுவார்கள்? படித்த பிள்ளை, மீன் கட்டியதில்லை, பாவம் என்று நினைத்தேன். வேர்த்ததைத் துடைத்து அப்படியே பெட்டிக்குள் அடுக்கினேன். மருந்துக் குப்பிகளை இரட்டைப் பையில் கட்டி நடுவில் வைத்தேன். ஜெட்டியில் தெரிந்த ஆளிடம் நொறுக்கிய ஐஸ் வாங்கி இடுக்கெல்லாம் திணித்தேன். மேலே இரண்டு கை கல்லுப்பு. மூடியின் உள்பக்கம் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. நான் எழுத்துப் படிக்காதவன்.

கப்பல் கிளம்புகிற நேரத்துக்குத்தான் சிஸ்டர் ஓடி வந்தாள், பெட்டியைத் திறந்து பார்க்க நேரமில்லை. ஏறியதும் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். விடிந்ததும் நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குப்பிக்குள் மருந்து கல்லாகியிருந்தது. நகத்தால் தட்டினேன், டக்கென்றது. இந்த வயதிலும் கை மறக்கவில்லை என்று சந்தோஷமாக மூடினேன். சந்தோஷம் தாங்காமல் இன்னும் இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

சாயங்காலம் கச்சால். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், இரண்டு சிஸ்டர்கள், ஜீப் டிரைவர், என் மகள். பிள்ளைத்தாய்ச்சி என்று அவளை முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே வார்டில் ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்தார்கள். மகள் ஜாக்கெட் கையைச் சுருட்டிக்கொண்டாள். சிஸ்டர் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன சாச்சா, உள்ள இவ்ளோ தண்ணி?"

"அது நான் தனியா போட்ட ஐஸுங்க சிஸ்டர். உப்புப் போட்டுக் கட்டுனேன். காலையில பாக்கணுமே நீங்க. மருந்தே கல்லு மாதிரி ஒறைஞ்சிருந்துச்சு."

அவள் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள். கையை மெல்ல இறக்கினாள்.

"ஒறைஞ்சா கெட்டுப் போயிரும் சாச்சா. ஜில்லுன்னு இருக்கணும், ஒறையக் கூடாது. அதுக்குத்தான வேர்க்க வைக்கச் சொன்னேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தான். "இப்ப உருகித்தானே கெடக்கு சிஸ்டர். சுத்தமா, தண்ணி கணக்காத் தெளிஞ்சிருக்கு. போட்டு விடுங்க. அடுத்த கப்பல் என்னைக்கோ."

"பாத்தாத் தெரியாது பாய். குத்துன வலிதான் மிச்சம். ஊசி போட்டாச்சுன்னு நம்பி வார்டுக்குள்ள போவாங்க, அதான் பயம்." பிறகு என்னைப் பார்த்தாள். "சாச்சா, யோசிச்சுச் சொல்லுங்க. நெஜமாவே ஒறைஞ்சிருந்துச்சா? இல்ல, சும்மா ஜில்லுன்னு இருந்ததச் சொல்றீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் சுருட்டிய கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஜில்லென்றுதான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊசி நடந்துவிடும், என் வேலையும் தங்கும்.

ரப்பர் பாலை வாளியில் எடுத்து வந்து ஆசிட் விட்டால் கட்டியாகிவிடும். பிறகு நீங்கள் சுடுதண்ணீரில் போட்டாலும் அது பாலாகாது. இருபது வருஷம் அதைப் பார்த்தவன் நான்.

"ஒறைஞ்சுதாங்க இருந்துச்சு" என்றேன். "நகத்துல தட்டிப் பாத்தேன். சத்தம் கேட்டுச்சு."

சிஸ்டர் ஒரு தாளில் எழுதினாள். அதில் நானும் கைநாட்டு வைத்தேன். மகள் ஜாக்கெட் கையை இறக்கிவிட்டாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்கப்பா. நா என்னா கொடுவாவா, மெட்ராஸுக்கு அனுப்ப?"

டிரைவர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வார்டு வாசலில் வாளியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் அந்த வாளியை வாங்கினேன். அவள் விடவில்லை.

"ஒங்களுக்கு என்னாப்பா தெரியும் இந்த வேல?"

"மீன் கழுவுன கை. மனுசனக் கழுவாதா?"

டாக்டர் அவளைத் துணி அலசுகிற பக்கம் மாற்றினார். என்னை மூக்கு வாயை மூடிக் கட்டச் சொன்னார். சிஸ்டர் அதே கப்பலில் திரும்பிப் போனாள். நான் போகவில்லை. அடுத்த கப்பல் வருகிறவரை வார்டில் துடைத்தேன், வாளி எடுத்தேன், கஞ்சி ஊட்டினேன். காய்ச்சலில் கிடந்தவர்களில் இரண்டு பேர் மேல் வரிசை லயத்தின் பழைய ஆட்கள். ஒருவன் கண்ணைத் திறந்து, "நீ அலையில போயிட்டேன்னு சொன்னாங்களே" என்றான். இல்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றேன். மகள் சன்னலுக்கு வெளியே நின்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள்.

கப்பல் சொன்ன நாளில் வரவில்லை. கடல் சரியில்லை என்றார்கள். ஐந்து நாள் கழித்து வந்தது. சிஸ்டர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது, வழியெல்லாம் வாந்தியாம். மூடியைத் திறந்து, ஒரு ஐஸ் கட்டியை எடுத்து என் காதருகே ஆட்டினாள்.

"கேக்குதா சாச்சா?"

உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது.

"கேக்குதுங்க."

மகளுக்குப் போட்டாள். டாக்டருக்கு, சிஸ்டர்களுக்கு, டிரைவருக்கு. நான் ஓரமாக நின்று வாளியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? சட்டையக் கழட்டுங்க" என்றாள் சிஸ்டர். "வார்டுல வேல பாத்தீங்கல்ல."

மகள் வந்து என் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். அவள் கை அலசி அலசி ஊறிப் போயிருந்தது. மண்டபத்தில் ஊசி போட்டபோது நான் அழுதேன் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கச்சாலில் அழவில்லை.