யோகாவின் தாமதத்துக்குக் காரணம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுகூடத்தில் இருந்தபோது யோகேஸ்வரியின் தம்பி அழைத்தான். "அக்கா போயிருச்சுண்ணே. வெறும் காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்." "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டு இனி என்ன செய்வதென்று எனக்கே விளங்கவில்லை. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த யோகாவும், பதுளை நகரில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் மகனாக வளர்ந்த நானும் ஒரே பேராசிரியரிடம் கணினிசார் இரசாயனவியலில் ஆய்வு செய்தோம். குடுவையும் அமிலமும் இல்லாத இரசாயனம் இது. மூலக்கூறைக் கணினியில் வரைந்து, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேயிலையிலுள்ள ஒரு சேர்வை உணவின் இரும்புச்சத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எனக்கு அது பட்டத்துக்கான தலைப்பு. அவளுக்கு அப்படியில்லை. "எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பொம்பளைங்களுக்கு ரத்தம் இல்லண்ணே. சோறு தின்ன கையோட பிளேன்டீ குடிக்கிறாங்க. உள்ள என்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்பாள்.

சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தாள். இரண்டு தடவை நானும் போனேன். தோட்டத்தில் காலையில் தொழிலாளரை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டை அவள் வகுப்புக்குள் கொண்டுவந்திருந்தாள். பழைய மடிக்கணினியில் வரைந்த மூலக்கூறின் ஒவ்வோர் அணுவையும் பிள்ளைகள் உரக்கக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். "கங்காணி வந்தாச்சு" என்று சீண்டினேன். "சிரிங்கண்ணே. ஒரு ஐதரசன் வேலைக்கு வராட்டி உங்க ஒரு மாசம் போச்சு" என்றாள்.

நாங்கள் இருவரும் ஆய்வுக்குப் பயன்படுத்திய மூலக்கூறை வரைந்தது நான். அவள் அதற்கும் பெரட்டு எடுத்தாள். எல்லா அணுக்களும் இருந்தன. அதை வைத்து எட்டு மாதம் கணக்குகளை ஓட்டினாள். நான் அதே வரைபடத்தை வைத்து ஒரு சஞ்சிகையில் கட்டுரையும் வெளியிட்டுவிட்டேன். அவளுடைய ஆய்வேடு அச்சுக்குப் போகவிருந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, பெரட்டுல எல்லாரும் நிக்கிறாங்க. ஒருத்தன் மட்டும் முதுகக் காட்டி நிக்கிறான்."

மேல்நோக்கி இருக்க வேண்டிய ஒரு கிளையை நான் கீழ்நோக்கி வரைந்திருந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் அகப்படவில்லை. அப்படி வரைந்தால் அது வேறு சேர்வை.

"ஆருக்குத் தெரியப்போகுது? முடிவு பெரிசா மாறாது" என்றேன்.

"மாறுதுண்ணே. போட்டுப் பாத்துட்டேன். நாளைக்கு இத நம்பி வேலை செய்யப்போற புள்ளைக்கு யாரு சொல்லுவா?"

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்று கத்திவிட்டேன்.

அவள் அவளுடைய வேலையைத்தான் பார்த்தாள். எட்டு மாதக் கணக்கையும் முதலிலிருந்து ஓட்டினாள். ஆய்வேடு தவணைக்குள் போய்ச் சேராததால் விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், வேலையும் கிடைத்தது. முதலில் பயன்படுத்திய வடிவம் பிழையானது என்று தன் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினாள். யார் வரைந்தது என்று எழுதவில்லை. பிறகும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்கு வசதியாக இருந்தது.

சாவு வீட்டில், இதை வாசிக்கும் உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "கெட்டிக்காரப் புள்ளதான். ஆனா எதையும் நேரத்துக்கு முடிக்காது. அதான் அந்த வேலை கைவிட்டுப் போச்சு." நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. வெட்கத்தோடு இப்போது சொல்கிறேன்: அவள் தாமதிக்கவில்லை. என் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள். கட்டுரையை மீளப் பெறுவதாகவும், பிழையைக் கண்டுபிடித்தவள் யோகேஸ்வரி என்றும் சஞ்சிகைக்குப் போன வாரம் எழுதியிருக்கிறேன்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சனிக்கிழமை வகுப்பு. இப்போது அதை நான்தான் எடுக்கிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முன்வரிசை வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, "சேர், மிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அவ எங்க போகப்போறா எண்டு இருந்திட்டன்."