மூன்றாவது முடிச்சு

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் தேவகிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் தம்பி அழகேசன் "தையல் கடை" என்று சொல்லிச் சிரிப்பான். லாரி ஓட்டுகிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் தைப்பது சட்டை அல்ல. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தவர்களுக்கு உள்ளே வைக்கிற ஸ்டென்ட் அது. மெல்லிய துணிக்குழாயின் மேல் கம்பி வளையங்களை, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு தையலாகக் கையால் பிணைக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தாள். அதற்கு முன் பத்து வருடம் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தவள். இரண்டு முடிச்சு போடச் சொன்ன இடத்தில், பழக்கதோஷத்தில் மூன்று போட்டாள். உறுதியாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஸ்டென்டை மடக்கி, உடம்புக்குள் செலுத்துகிற சின்னக் குழலுக்குள் செருகும்போது அந்த மூன்றாவது முடிச்சு இடித்தது. ஒரு வார வேலை குப்பைக்குப் போனது.

அன்று கழிப்பறையில் நின்று அழுதவள்தான் இன்று தரம் பார்க்கும் மேசையில் இருக்கிறாள். மேலாளரே வந்து கெஞ்சினாலும் சரி, தையல் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் கத்தரிக்கோல்தான்.

போன வருடம் பெண்டாங் ஊரில் லாரியை விட்டு இறங்கிய அழகேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அதே ரத்தக்குழாய்தான். இதயத்துக்குச் சற்று மேலே கிழிந்து, பிளவு முதுகுப் பக்கம் வரை இறங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை டாக்டர் பரஞ்சோதி, தேவகியையும் அழகேசன் மனைவி ஷாமளாவையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு. மேல கிழிஞ்ச பாகத்த மட்டும் இப்ப மாத்திட்டு, தேவைப்பட்டா அப்புறமா தொடை வழியா கீழ ஸ்டென்ட் விடலாம். இல்லன்னா இப்பவே, நெஞ்சு திறந்திருக்கும்போதே, கீழ வரைக்கும் ஸ்டென்டையும் வச்சிடலாம். ஆனா நேரம் கூடும். முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைஞ்சு கால் விளங்காமப் போற ஆபத்தும் கொஞ்சம் உண்டு. இவருக்கு முதல் வழி போதும்னு நான் நினைக்கிறேன்."

"எல்லாத்தையும் இப்பவே செஞ்சிடுங்க டாக்டர், மறுபடியும் ஆஸ்பத்திரி வேணாம்லா!" என்று அழுத ஷாமளா, தேவகியின் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. ஒங்க வேலதானே இது."

தேவகிக்கும் ஆசைதான். தன் மேசையிலிருந்து போகிற பொருள் தம்பியைக் காப்பாற்றட்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் கேட்டாள்.

"இப்ப கீழ ரத்தம் சரியா போகுதா டாக்டர்?"

"போகுது."

"அப்ப இப்ப வேணாம் ஷாமளா. கேக்காத எடத்துல போடுற முடிச்சு பலமில்ல. அவனுக்குக் காலு வேணும்லா."

ஏழு மணி நேரம் கழித்து உயிரோடு வந்தான். அடுத்த எட்டு மாதம் தேவகி நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொன்னால் அது பொய். பிறகு கீழ்ப்பகுதி வீங்குகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் சும்மா இருப்பானா? ரோட்டோரத் தேநீர் ஒட்டுக்கடையில் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டி, "உள்ள இருக்கறது எங்கக்கா பாத்து அனுப்புனதுலா!" என்று ஊரைக் கூட்டினான்.

பக்கத்தில் இருந்த தேவகி மருத்துவமனை கொடுத்த ஸ்டென்ட் விவர அட்டையைப் படித்திருந்தாள். வேறொருத்தி என்றால் சிரித்துக்கொண்டு தேநீரைக் குடித்திருப்பாள். இவளுக்குப் பொய்யைத் தேர்ச்சி போட்டு அனுப்பிப் பழக்கமில்லை.

"டேய், அது எங்க பேக்டரி இல்லடா. வேற நாட்டுது."

அழகேசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"அதனால என்னக்கா? அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி உக்காந்து, சரியில்லாததெல்லாம் வெட்டிப் போட்டிருப்பா. இல்லன்னா நான் இங்க நிப்பேனா?"

இருபது வருட வேலைக்கு இப்படி ஒரு பாராட்டு தேவகிக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை மேசைக்கு வந்த முதல் குழாயிலேயே ஒரு தையல் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. எந்த நாட்டிலோ எவள் தம்பிக்கோ போக வேண்டியது. தேவகி கத்தரிக்கோலை எடுத்தாள்.