இடது பக்கம் மேலே

மோர்னிங்சைட்டில் நான் இருக்கும் அடுக்குமாடியில் ஹீற்றர் பேருக்குத்தான் இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். பிறம்ரனில் இருக்கும் மகனிடம் குளிர் என்று சொன்னால் போனிலேயே வைத்தியம் பார்ப்பான்.

"அப்பா, உள்ளுக்கையும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு இருங்கோ. உந்த ஸ்னோ விடட்டும், வாறன்."

ஸ்னோ விட்டபாடில்லை.

உடுப்புத் தோய்க்கும் அறையில் நான் ஜக்கெற்றோடு நின்றதை எதிர்வீட்டு ஜப்பானிய அம்மா கண்டுவிட்டார். அவரும் தனி ஆள்தான். மறுநாள் ஒரு துணிப் பொதியைக் கொண்டுவந்து தந்தார். காலம்சென்ற கணவருடைய தொதெரா. பஞ்சு அடைத்து, கணுக்கால்வரை தொங்கும் அங்கி. வீட்டுக்குள் உடுப்புக்கு மேலே சுற்றிப் பட்டியால் கட்டவேண்டும்.

நமக்கு எதுவும் வலதுதானே. வலது காலை வைத்து வீட்டுக்குள் போகிறோம், வலது கையால் கொடுக்கிறோம். சேட்டில் மட்டும் இடது பக்கம் மேலே வரும், அது வேறு கதை. வலது பக்கத்தை மேலே விட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, காட்டிவிட்டு வரலாம் என்று பெரிய மாப்பிள்ளைபோல அவருடைய கதவைத் தட்டினேன்.

அவருடைய முகம் வெளிறிப் போனது. பட்டியை அவிழ்த்தார். இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து, கழுத்தடியைச் சீராக்கி, திரும்பக் கட்டினார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு. கணவருக்குக் கடைசியாக அவரே அப்படித்தான் உடுத்திவிட்டாராம்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று முழுக்க என் நினைப்பெல்லாம் அந்தக் கைகளில்தான் இருந்தது. அதற்கு முன் என்னைக் கடைசியாகத் தொட்ட ஆள், தடுப்பூசி போட்ட மருந்துக்கடைப் பிள்ளை. அதுவும் கையுறையோடு.

அடுத்த நாள் பின்னேரம் வேண்டுமென்றே வலதை மேலே விட்டுக் கட்டினேன். அவருடைய வாசலில் போய்த் தட்டக் கையையும் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அந்த வெளிறிய முகம் நினைவுக்கு வந்தது. என்மேலேயே கோபம் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, அவிழ்த்து, ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் தட்டினேன்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். நன்றாகச் சிரித்தார்.

"வெரி குட்" என்றார். இனி நீங்களே கட்டிக்கொள்வீர்கள் என்றும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.