பூச்சி என்றால்

என் கணவருக்குச் சிலந்தி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் நெஃபிலா பேரினத்துச் சிலந்தி என்றால் பெண்டாட்டியும் வேண்டாம். மழைக்காலம் முடிந்து அவை பெருத்திருக்கும் சமயத்தில், விடுமுறை கிடைத்தால் என்னையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவார்.

அன்று வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடைக்கரை. ஈயும் வண்டும் பறக்கிற வழியை மறித்து, இரண்டு மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு வலை. வெயிலில் நூலெல்லாம் மஞ்சளாக மின்னியது. நடுவில் என் உள்ளங்கை அளவுக்குப் பெண் சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. ஓரத்தில் எறும்பு போல அதன் ஆண்.

“அறுத்துடாத. சுத்திப் போ,” என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். பாதையை விட்டிறங்கிப் புதரில் கால் வைத்தேன்.

கணுக்காலில் சுருக்கென்றது. சருகு நிறத்தில் ஒன்று நெளிந்து கல்லிடுக்கில் நுழைந்தது.

“பூச்சி கடிச்சிட்சிங்க,” என்று கத்தினேன்.

“நெஃபிலா கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா. வலை அறுந்துச்சா?”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் பிறந்த வீட்டார் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர்கள். அதன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடும். பூச்சி என்றால் அதுதான். சென்னை அடுக்குமாடியில் வளர்ந்த என் கணவருக்குப் பூச்சி என்றால் வெறும் பூச்சி. கால் வீங்கத் தொடங்கியும் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை.

“எட்டுக்கால் இல்லீங்க. காலே இல்லாதது.”

கேமரா கல்லில் விழுந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு வலைக்குள்ளேயே புகுந்து ஓடினார். மஞ்சள் நூல் முகமெல்லாம் ஒட்டியது.

ஜீப் பிடித்து வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மேசையில் வைத்தார் நர்ஸ்.

“ஒறைஞ்சா நல்லதுங்க. தண்ணி மாதிரி ஓட்சின்னா வெஷம் ஏறிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். இருவது நிமிஷம் யாரும் தொடாதீங்க.”

குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் என் கணவர் மேல் கோபம் குறையவில்லை.

நர்ஸ் குழாயைச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை.

“ஒறைஞ்சிட்சி. ஆனாலும் இன்னிக்கி இங்கயே இருங்க. மறுபடியும் பாக்கணும்.”

என் கணவர் சுவரில் சாய்ந்து விம்மினார். பிறகு மெல்ல என் காலைத் தொட்டு, “வலிக்குதாம்மா?” என்றார்.

“இத்த மொதல்ல கேட்டிருக்கணுங்க,” என்றேன்.