வூட்டுக்கு ஒரு ஆள்

தியாகதுருகத்துக்குப் பக்கத்து ஊர் அது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம், வீட்டுக்கு ஓர் ஆள் ரோட்டுக்கு வரவேண்டும் என்று ஊரில் முடிவாயிற்று. தங்கமணி வீட்டு வாசலில் மட்டும் ஊர்ப் பெரியவர் ராமசாமி நிற்கக்கூட இல்லை. "ஆம்பள இல்லாத வூடு, வுட்டுடுங்க" என்றார். பெருந்தன்மையாம்! தங்கமணிக்கு வந்ததே கோபம். "ஏங்க, ஓட்டு கேக்க வரசொல்ல மட்டும் இது வூடா தெரிஞ்சுதா? நான் வரேன்" என்று அப்போதே போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மகள் செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தாள். வகுப்பில் ஒரே பெண். போன தடவை மஞ்சள் காமாலையில் படுத்து, மோட்டார் செய்முறைத் தேர்வைக் கோட்டைவிட்டிருந்தாள். மறுதேர்வு இந்த வாரம் பார்த்தா வந்து தொலையவேண்டும்? இதையும் விட்டால் ஒரு வருடம் போச்சு. அதுவரை தாய்மாமன் பொறுக்கமாட்டார், தாலியோடு வந்து நிற்பார்.

பஸ் கிடையாது. விடிவதற்குள் நடக்கத் தொடங்கினாள். ஊரெல்லையில் வெட்டிச் சாய்த்த புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் அவள் அம்மா!

"பரிட்சைம்மா. வழி வுடச் சொல்லு."

ராமசாமிக்கே மனசு இளகிவிட்டது. "படிக்கத்தான போவுது, போவட்டும்" என்றார்.

தங்கமணி எழுந்து நின்றாள். "நேத்து அமிர்தம் பொண்ணைத் திருப்பி அனுப்பிச்சோமே, அவளும் பரிட்சைன்னுதான அழுதா? எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா, கொம்பா மொளச்சிருக்குது?"

பெற்ற தாயா இவள்? அந்தக் கணம் செல்வி அம்மாவை நிஜமாகவே வெறுத்தாள். "நீ மரத்தைக் காவல் காத்துக்கினு இரு. நான் போயே தீருவேன்" என்று ரோட்டைவிட்டுக் கரும்புக் கொல்லைக்குள் இறங்கினாள். எவனோ, "ஏய், நில்லு" என்று கத்தினான்.

"ரோட்டைத்தான் மறிச்சோம், கொல்லையையுமா மறிச்சோம்? வுடுடா" என்று அம்மா அவனை அடக்குவது கேட்டது. கேட்டும் செல்விக்குக் கோபம் தணியவில்லை.

ராத்திரி பெய்த மழையில் கொல்லை சேறாகிக் கிடந்தது. செருப்பு இரண்டும் அதிலேயே போயின. தோகை கையைக் கிழித்தது. ஏரிக்கரை, வாய்க்கால், மறுபடி கரும்பு என்று நடந்து அவள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெளித்தேர்வாளர் பையை எடுத்துவிட்டார்.

அவளுக்குப் பாடம் எடுக்கும் விஜயராகவன் சார் அவள் காலைப் பார்த்தார். "ஈரக் காலோட பேனல்கிட்ட வரக்கூடாதும்மா. ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"காய வச்சிக்கினு வரேன் சார். தயவு பண்ணி இருங்க."

குழாயில் கழுவி, சாக்கில் துடைத்து, வெளியே வெயிலில் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் போய் நின்றாள். கால் பொத்துப்போனால் போகட்டும். கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வந்திருந்த அட்டெண்டர் சின்னப்பையன் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டார். இரண்டு கால் நுழையும் அளவு பெரிய செருப்பு.

வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமி, வேகம் பிடித்து, நிதானமாக ஓடியது. தேர்வாளர் பையைக் கீழே வைத்துவிட்டு மார்க்கைப் போட்டார்.

வெளியே வந்தால் ஊரெல்லாம் ஒரே பேச்சு: போலீஸ் மறியல்காரர்களைப் பிடித்து இங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்திருக்கிறதாம். செல்வி ஓடினாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா. முந்தானை கிழிந்து, நெற்றியில் சிராய்ப்பு.

செல்வி வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "ஓடுச்சாடி?"

"ஓடுச்சும்மா!"

தங்கமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அப்போ உங்க மாமன வேற பொண்ணு பாக்கச் சொல்லுடீ!"