நிமிர்ந்துபோன முதுகு

பெயர்தான் கோணாமலை. நாற்பது வயதுக்குள் முதுகு, வெள்ளாமை வெட்டும் தாக்கத்திபோலக் கோணிவிட்டது. பாதி, வயல் வளைத்தது. மீதி, வேலாப்போடியார் வளைத்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வயல்வெளியான வட்டையில் பெரும்பங்கு அந்தப் போடியாருடையது. அவரைக் கண்டால் தோளிலுள்ள சால்வை கக்கத்துக்குப் போகவேண்டும், தலை இடுப்பு மட்டத்துக்கு வரவேண்டும். கோணாமலைக்கு அதில் சிரமமே இல்லை. பாதி வழி ஏற்கெனவே வந்திருந்தான்.

அந்த வருஷம் நல்லரத்தினம் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். அங்கே ஓர் அமெரிக்க வைத்தியரிடம் கதவு திறந்துவிடும் வேலை பார்த்தவர். முதுகெலும்பைத் தட்டியே எல்லா நோயையும் தீர்க்கும் அந்த வைத்தியத்தின் இங்கிலீஷ் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஊர் அதை ‘முள்ளு வைத்தியம்’ என்றது. காய்ச்சல், காதடைப்பு, மாமியோடு ஒத்துப்போகாமை, எல்லாமே முள்ளந்தண்டில் ஓர் எலும்பு விலகுவதால் வருவது என்றார் நல்லரத்தினம். மூளையிலிருந்து நரம்பு வழியே உயிர் வாய்க்கால் தண்ணீராய் இறங்குகிறது. எலும்பு விலகினால் வாய்க்கால் அடைபடும். வாய்க்கால் என்றதும் வயற்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கோணாமலை இருமலுக்குத்தான் போனான். அவனை வாங்குப் பலகையில் குப்புறக் கிடத்தி, முழங்கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார் நல்லரத்தினம். ‘டொக்’ என்றது. இருமல் அப்படியே இருந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவனை மனைவி அன்னப்பூரணி அண்ணாந்து பார்த்தாள்.

“ஆரு இது? நான் முடிச்ச ஆள் இவ்வளவு உயரமில்லையே.”

“நான்தான் புள்ள. குனியத்தான் ஏலாமக் கிடக்கு.”

“அப்ப நாளைக்குப் போடியாருக்கு முன்னால எப்படி நிக்கப்போறீங்க?”

மறுநாள்தான் போடியார் அந்தப் போகத்துக்கு வயல் பிரித்துக் கொடுக்கும் நாள். வயல் கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறில்லை. அன்னப்பூரணி பிடரியில் கைவைத்து அமுக்கிப் பார்த்தாள். தலை இணங்கியது, முதுகு சம்மதிக்கவில்லை.

போடியார் வீட்டு முற்றத்தில் எல்லாரும் வளைந்து நிற்க, கோணாமலை நடுவில் கமுகுபோல நின்றான்.

“என்னடா, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்காய்? நீயும் போடியாகிட்டியா?”

“இல்ல போடியார். முள்ளு வைத்தியம் செஞ்சது. குனிய ஏலா.”

“குனிய ஏலாதவனுக்கு என்னத்துக்கு வயல்? கூப்பிடு அந்த வைத்தியன.”

நல்லரத்தினம் வந்தார். சால்வை கக்கத்தில், மூக்கு முழங்காலில். நிலைமை அவருக்கு உடனே பிடிபட்டது.

“இது வைத்தியத்தால வந்ததில்ல போடியார். பழைய வியாதி, இப்பதான் வெளிக்கிட்டிருக்கு. நிமிர்வு வாயு. மரியாதை மனசில கிடக்கு, முள்ளுதான் விடுகுதில்ல.”

“வேலைக்குக் குனிவானா?”

“அதுக்குக் குனிவான். சும்மா நிக்கக்குள்ளதான் பூட்டிக்கும்.”

போடியார் ஆறிப்போனார். திமிருக்கு மன்னிப்பில்லை, நோயாளியை என்ன செய்ய முடியும்?

“பாவம், இந்த வயசில” என்று வயலைக் கொடுத்தவர், ஓரடி பின்வாங்கி, “தொத்துமா?” என்றார்.

“சொல்ல ஏலா போடியார்.”

களை பிடுங்கும் காலத்துக்குள் முதுகு தானாகவே இளகிவிட்டது. கோணாமலை வயலில் நன்றாகக் குனிந்தான். வரம்பில் போடியாரின் குடை தெரிந்தால் மட்டும் நோய் திரும்பி வந்தது. பக்கத்து வயற்காரர்கள் இதை ஆர்வத்தோடு கவனித்தார்கள்.

அடுத்த போகத்துக்கு வயல் பிரிக்கும் நாளில் முற்றத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நிமிர்வு வாயு கண்டிருந்தது. வைத்தியர் மட்டும் பூரண ஆரோக்கியத்தோடு வளைந்து நின்றார்.